வாசலில் நிற்பவர் யார்? கணினி விளையாட்டாளரிடையே எழுந்த கிறிஸ்தவ ஐக்கியங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

மூன்றாம் நூற்றாண்டில் சிரியா நாட்டில் எழுந்த டிடாஸ்காலியா என்னும் சபை ஒழுங்கு நூலைத் திருச்சபை வரலாறு பயில்வோர் அறிவர். பேராயர், மூப்பர், டீக்கன்மார், விதவையர் ஆகியோரின் கடமைகளை வரையறுக்கும் அந்நூலில், வழிபாட்டிற்குக் கூடுவோர் அமர வேண்டிய முறை பற்றியும் ஒரு பகுதி உண்டு. டீக்கன் ஒருவர் வாசலில் நின்று உள்ளே வருவோரைக் கவனிக்க வேண்டும். வேற்றூர்ச் சபையிலிருந்து ஒருவர் வந்தால் அவர் யார், எங்கிருந்து வருகிறார் என்று விசாரித்துத் தக்க இடத்தில் அமர்த்த வேண்டும். உலகப் பெருமையுடைய ஒருவர் வந்துவிட்டார் என்பதற்காகப் பேராயர் தம் போதனையை நிறுத்த வேண்டுவதில்லை. சகோதரரில் ஒருவர் எழுந்து இடங்கொடுத்தால் போதும். ஆனால் ஏழை ஒருவர் வந்து இடமின்றி நிற்பாராயின், பேராயர் தாமே தரையில் அமர நேரிட்டாலும் அவருக்கு இடம் உண்டாக்க வேண்டும். யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கடிந்துகொண்ட குறையை இந்நூலாசிரியர் ஓர் ஒழுங்காகவே மாற்றியமைத்திருக்கிறார் எனலாம்.

புதியவர் ஒருவர் சபைக்குள் எவ்வாறு வந்து சேருகிறார், வந்தவர் ஏன் தங்குகிறார், ஏன் போய்விடுகிறார் என்னும் கேள்விகள் நமக்குப் புதியனவல்ல. ஆயினும் கடந்த முப்பது ஆண்டுகளில் இக்கேள்விகள் நாம் எதிர்பாராத ஓரிடத்தில் மிகக் கூர்மையாக எழுந்திருக்கின்றன. கணினி விளையாட்டுகளில் ஈடுபாடு கொண்ட கிறிஸ்தவர்கள் இணையத்தின் வழியாக ஒருவரையொருவர் கண்டு ஐக்கியப்பட்ட வரலாற்றையே குறிப்பிடுகிறேன். இதனை இளைஞர் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவோர் நம்மிடையே பலர். தள்ளுமுன் அதன் வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்வது ஆயருக்கும் இறையியல் மாணவருக்கும் தகும்.

முதலில் வாசற்காவலர் ஊழியத்தைப் பற்றிச் சில சொற்கள். எருசலேம் ஆலயத்தில் வாசல்களைக் காத்தவர்கள் கோராகின் வழியினர் என்று 1 நாளாகமம் 9ஆம் அதிகாரம் கூறுகிறது. தேவனுடைய ஆலய வாசலில் நிற்பதைப் பெரும் பேறாகப் பாடும் 84ஆம் சங்கீதமும் கோராகின் புத்திரருடையதென்றே தலைப்பிடப்பட்டுள்ளது. பாடியவர்களுக்குத் தாங்கள் எதைப் பாடினார்கள் என்பது தெரிந்தேயிருந்தது. கி.பி. 251இல் உரோமைப் பேராயர் கொர்நேலியு அந்தியோக்கியப் பேராயர் ஃபாபியுவுக்கு எழுதிய கடிதத்தை யூசேபியு தம் சபை வரலாற்றில் பாதுகாத்து வைத்துள்ளார். உரோமைச் சபையில் அப்பொழுது 46 மூப்பர், 7 டீக்கன்மார், 7 துணை டீக்கன்மார், 42 அக்கோலித்தர் ஆகியோரோடு, பேயோட்டுவோர், வாசிப்போர், வாசற்காவலர் ஆகியோர் சேர்ந்து 52 பேர் இருந்தனர் என்று அதில் கணக்குக் கொடுக்கப்படுகிறது. உபத்திரவக் காலத்தில் வாசலில் நிற்பவர் உண்மையான விசுவாசியையும் ஒற்றனையும் பிரித்தறிய வேண்டியவர். பின்னர்ப் பேரரசே கிறிஸ்தவமாயிற்று. யாரும் வரலாம் என்றானதும் வாசற்காவலர் பணி மெல்ல மெல்லக் குருத்துவத்திற்கு ஏறும் படிகளுள் வெறும் ஒரு படியாகச் சுருங்கிற்று. 1972இல் உரோமைச் சபை அப்படியையும் நீக்கிவிட்டது. சீர்திருத்தச் சபைகளாகிய நாமோ அதற்கு முன்பே அப்பணியை மணியடிப்பவரிடமும் விளக்கேற்றுபவரிடமும் ஒப்படைத்துவிட்டு, அதில் இறையியல் எதுவும் இருப்பதாக எண்ணாதிருந்தோம்.

விளையாட்டைக் குறித்துச் சபை கொண்டிருந்த ஐயமும் மிகப் பழையது. கார்த்தேஜ் நகரின் தெர்த்துல்லியன் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி எழுதிய ‘காட்சிகளைப் பற்றி’ என்னும் நூலில், அரங்கிற்கும் பந்தயத்திடலுக்கும் கிறிஸ்தவர் போகலாகாதென வாதாடினார். ஹிப்போலித்து எழுதியதாக வழங்கும் அப்போஸ்தல மரபு, திருமுழுக்குப் பெற விரும்பி வருவோரிடம் அவர் தம் தொழிலைக் கேட்கச் சொல்கிறது. வாட்போர் வீரராயின் அத்தொழிலை விட வேண்டும், அன்றேல் அவர் ஏற்கப்படார். மனித இரத்தம் மெய்யாகவே சிந்திய அரங்கு அது; விக்கிரகங்களுக்குப் பலியிட்டுத் தொடங்கிய விழா அது. அந்தக் காரணங்களை மறந்துவிட்டுத் தடையை மட்டும் நினைவில் வைத்திருப்பது சபையின் பழைய வழக்கம்.

அவ்வழக்கம் அமெரிக்காவில் 1980களில் மீண்டும் தலைதூக்கிற்று. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி நண்பர்கள் சிலர் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகப் பேசி, பகடையை உருட்டிக் கதையை நடத்திச் செல்வதே அது. வீரன், மந்திரவாதி என்பவர்களோடு குருவானவர் என்னும் பாத்திரமும் தொடக்கத்திலிருந்தே அதில் உண்டு. 1979இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமற்போனபோது இவ்விளையாட்டே காரணம் எனச் செய்தித்தாள்கள் எழுதின; பின்னர் அது தவறெனத் தெரிந்தது. 1982இல் தம் மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த ஒரு தாய், அடுத்த ஆண்டு இவ்விளையாட்டிற்கு எதிராக ஓர் இயக்கத்தையே தொடங்கினார். அத்தாயின் துயரத்தை நாம் எளிதாய் எண்ணலாகாது. ஆனால் 1984இல் ஜாக் சிக் வெளியிட்ட படக்கதைத் துண்டுப்பிரசுரம் போன்றவை அத்துயரத்தைப் பேரச்சமாக மாற்றிப் பரப்பின. விளையாடுவோர் பேய்களோடு உறவாடுகிறார்கள் என்று பல சபைகளில் போதிக்கப்பட்டது. இதில் ஒரு முரண் உண்டு: கைகாக்ஸ் பிற்காலத்தில் தம்மைக் கிறிஸ்தவர் என்றே கூறிக்கொண்டார்.

இவ்வச்சத்தின் விளைவைக் கணக்கிட்டவர் எவருமிலர். சபையில் தம் விளையாட்டைப் பற்றி வாய்திறக்க இயலாத இளைஞர், விளையாட்டு நண்பரிடையே தம் விசுவாசத்தைப் பற்றியும் வாய்திறக்க இயலாதவராயினர். இரு வீட்டிலும் அந்நியர். 1996இல் இணையத்தின் வழியே தோன்றிய கிறிஸ்டியன் கேமர்ஸ் கில்ட் என்னும் ஐக்கியம் இத்தகையோருக்காகவே எழுந்தது. அதன் சாப்ளினாகப் பணியாற்றிய எம். ஜோசப் யங், விசுவாசத்தையும் விளையாட்டையும் இணைத்துச் சிந்திக்கும் கட்டுரைகளைத் தொடர்ச்சியாக எழுதினார். அத்தகைய கூட்டத்திற்குப் புதிதாய் வந்த ஒருவருக்குக் கிடைத்த முதல் கொடை விடுதலை என்றே சொல்ல வேண்டும்: நீ மட்டும் அல்லன், எங்களிலும் இப்படிப்பட்டவர் உண்டு என்று யாரோ ஒருவர் சொல்லக் கேட்பது. பாகால் வழிபாட்டிற்கு முழங்கால் படியாதவர் தாம் ஒருவரே என்று எண்ணியிருந்த எலியாவிற்கு ஓரேபில் கிடைத்த மறுமொழியும் இத்தகையதே.

பின்னர்ப் பல்லாயிரவர் ஒரே நேரத்தில் ஈடுபடும் கணினி விளையாட்டுகள் வந்தன. இவற்றின் அமைப்பை விளையாடாதவரும் சற்றே அறிந்துகொள்ளல் வேண்டும். ஐக்கியம் இங்கு எவ்வாறு பிறந்தது என்பதற்கு விடை அதில் இருக்கிறது. 1999இல் வெளிவந்த ‘எவர்குவெஸ்ட்’ என்னும் விளையாட்டில் தனியாக நெடுந்தொலைவு செல்ல இயலாது. அடிதாங்கும் வீரன் ஒருவன், காயம் ஆற்றும் குருவானவர் ஒருவர், வழியறிந்தவன் ஒருவன் எனப் பலர் சேர்ந்தாலன்றி ஆபத்தான நிலங்களைக் கடத்தல் அரிது. விளையாட்டுப் பாத்திரம் மாண்டால் அதன் உடைமைகள் யாவும் மாண்ட இடத்திலேயே கிடக்கும். உயிர்த்தவர் வெறுங்கையராய் வேறோரிடத்தில் எழுந்து, எதிரிகள் நிறைந்த அந்த இடத்திற்கே மீண்டும் போய் அவற்றை மீட்க வேண்டும். அனுபவமற்ற புதியவர் இந்நிலையில் உதவி கேட்டுக் கூவுவதைத் தவிர வேறு வழியறியார். அப்பொழுது முன்பின் அறியாத ஒருவர் தம் வேலையை விட்டுவிட்டு வந்து, வழித்துணையாக நின்று, உடைமைகளை மீட்டுத்தருவார். பலருடைய நட்பு இவ்வாறே தொடங்கிற்று. 2004 நவம்பரில் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் மிகக் கடினமான போர்களுக்கு 40 பேர் ஒரே வேளையில் கூட வேண்டியிருந்தது. குறித்த நாளில், குறித்த மணிக்குக் கூடுதல், வராதவரைத் தேடுதல், வந்தவர்க்கெல்லாம் ஒரு பங்கு. நமது வாரக் கூட்டங்களில் எத்தனை இவ்வளவு ஒழுங்காய் நடைபெறுகின்றன?

இத்தகைய விளையாட்டுகளில் நிலையாகச் சேர்ந்து இயங்கும் குழுவைக் கில்ட் என்பர். கிறிஸ்தவக் கில்ட்கள் பல தோன்றின. கெட்ட வார்த்தை பேசலாகாது, புதியவரை ஏளனம் செய்யலாகாது என்பவை இயல்பாகவே அவற்றின் ஒழுங்குகளாயின. இரவில் போர் முடிந்தபின் சிலர் கலையாமல் நின்று, வேலை போனவர், தாய் நோயுற்றவர் என ஒருவர் பாரத்தை மற்றவரிடம் இறக்கிவைத்து ஜெபிப்பதுண்டு. முதலில் ஜெபக்கூட்டத்திற்கு வாருங்கள் என்று அழைத்திருந்தால் அவருட் பலர் வந்திருக்க மாட்டார். சேர்ந்து உழைத்த கைகள் சேர்ந்து கூப்பிக்கொண்டன.

2004ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் இவ்வரலாற்றில் நின்று நோக்கத்தக்கது. 1977இல் அச்சு இதழாய்த் தொடங்கி, 1983இல் நின்று, 1998இல் இணையத்தில் மீண்டும் எழுந்த ‘ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்’ என்னும் இங்கிலாந்து இதழின் குழுவினர், ஆசிரியர் சைமன் ஜென்கின்ஸ் தலைமையில், 2003இல் நோவாவின் பேழையைக் களமாகக் கொண்ட ஓர் இணைய விளையாட்டை நடத்தினர். அதே நுட்பத்தைக் கொண்டு மறு ஆண்டு ஓர் ஆலயத்தையே கட்டினர். பிரிட்டன் மெதடிஸ்ட் திருச்சபை பொருளுதவி செய்தது. முதல் ஆராதனையில் இலண்டன் பேராயர் ரிச்சர்ட் சார்ட்டர்ஸ் பிரசங்கித்தார். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘சர்ச் ஆஃப் ஃபூல்ஸ்’, அதாவது பேதையரின் சபை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தை நினைவூட்டும் பெயர். வளைவுகளும் தூண்களும் கொண்ட பழைய பாணி ஆலயம் கணினித் திரையில் தோன்றும். வருபவர் ஒரு சிறு உருவத்தைத் தெரிந்துகொண்டு உள்ளே நடந்து செல்லலாம். இருக்கையில் அமரலாம், முழந்தாளிடலாம், கைகளை உயர்த்தலாம், பக்கத்திலிருப்பவரோடு கைகுலுக்கலாம். பேசுவது யாவும் எழுத்தாய்த் தலைக்கு மேல் தோன்றும். கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும் வேளையில் ஒவ்வொருவரும் தாம் அறிந்த வடிவத்தில், தம் மொழியில் எழுதினர். பல மொழிகள் ஒரே திரையில் ஏறி மறைந்தன. ஆராதனை முடிந்தபின் கீழ்த்தளத்து அறையில் நின்று பேசிக்கொண்டிருக்க வசதி இருந்தது. வந்தவர்களில் இளைஞரும், ஆலயத்திற்கு வழக்கமாகச் செல்லாதவரும் கணிசமானோர்.

கூட்டம் அமைப்பாளரைத் திணறடித்தது. ஒரு நாளில் மட்டும் 41,000 வருகைகள் பதிவாயின. ஆலயத்தினுள் ஒரு வேளையில் உருவங்களாய்த் தோன்றக்கூடியவர் சில பத்துப் பேரே. மற்றோர் ஆவியுருவாய் அனுமதிக்கப்பட்டனர்: அவர் ஆலயத்தைச் சுற்றி வரலாம், நடப்பதைப் பார்க்கலாம், ஆனால் அங்கிருந்த எவருக்கும் அவர் தென்படார். இது கணினியின் திறன் குறைவால் நேர்ந்த ஏற்பாடுதான். ஆயினும் இதை முதன்முறை அறிந்தபோது என் மனம் எங்கள் ஊர் ஆலயத்தின் கடைசி வரிசைக்கே சென்றது. ஆண்டுக்கணக்காய் வந்து அமர்ந்து, யாவற்றையும் கேட்டு, ஆசீர்வாதம் முடிந்ததும் எவர் கண்ணிலும் படாமல் வெளியேறும் மக்கள் நம்மிடையேயும் உளர். அவரை ஆவியுருவாக்கியது எந்தக் கணினியும் அன்று.

கேலி செய்யவும் குலைக்கவும் வந்தவரும் உண்டு. பிரசங்க பீடத்தில் ஏறிச் சாத்தானின் பெயரைக் கூவினர். தகாத சொற்களை எறிந்தனர். பீடத்தையும் பலிபீடத்தையும் எவரும் அணுகாதபடி அடைக்க வேண்டியதாயிற்று. இந்நிலையில்தான் கண்காணிகள் என்னும் பணியாளர் இன்றியமையாதவராயினர். குழப்பம் விளைவிப்பவரை ஒரு விசையை அழுத்தி வெளியேற்றும் அதிகாரம் அவர்களுக்குத் தரப்பட்டது. ஆனால் அவ்விசையை எப்பொழுது அழுத்துவது என்பதே கடினம். முதன்முறை வந்த ஒருவர், எங்கே நிற்பது எனத் தெரியாமல் பீடத்தருகே போய்த் தகாத கேள்வி ஒன்றைக் கேட்கிறார். அவர் பகைவரா, விளையாட்டுப் பிள்ளையா, மெய்யாகவே தேடி வந்தவரா? வாசலில் நின்று விசாரிக்கச் சொன்ன மூன்றாம் நூற்றாண்டுச் சிரியச் சபையின் ஒழுங்கு, அதன் தேவையை மறந்துபோன 21ஆம் நூற்றாண்டில், விளையாட்டு நுட்பத்தால் கட்டப்பட்ட ஓர் ஆலயத்தில், எவரும் திட்டமிடாமலே மீண்டும் பிறந்தது. வரவேற்பும் காவலும் ஒரே பணியின் இரு கைகள் என்பதை அக்கண்காணிகள் நாள்தோறும் கற்றனர். சிறுவர் மிகுதியாய்க் கூடும் விளையாட்டு உலகங்களில் இக்காவல் இன்னும் அவசரமானது. ‘ரோப்லாக்ஸ்’ என்னும் விளையாட்டினுள் 2011இல் அமெரிக்காவின் 11 வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு சபையைத் தொடங்கினான். அங்கு வந்த பிள்ளைகள் ஜெபக் கோரிக்கைகளைப் பகிர்ந்துகொண்டனர். பிள்ளைகள் மனந்திறக்கும் இடத்தில் ஓநாய்களும் வரும். அங்கே வாசல் காப்பவர் இல்லாதிருப்பது பாவம் என்றே கூறுவேன்.

இங்கு ஓர் இறையியல் வினாவைத் தாண்டிச் செல்ல இயலாது. திரையில் தோன்றும் அவ்வுருவத்திற்கு விளையாட்டாளர் இட்டிருக்கும் பெயர் அவதார் என்பதாகும். 1980களில் கணினி விளையாட்டுகளில் புகுந்த சொல். நமக்கு இச்சொல் வேறு வரலாறுடையது. சென்னையின் வி. சக்கரை 1920களில் இயேசுவை அவதாரமாக விளக்கி நூல் எழுதியபோது, கிறிஸ்துவின் மானிடம் வந்து மறையும் தோற்றமன்று, நிலைத்திருக்கும் மெய்ம்மை என்பதையே வற்புறுத்தினார். அவ்வாறிருக்க, உடலின்றி உருவத்தால் மட்டும் கூடும் கூட்டம் தோற்றவாதத்தின் புது வடிவமன்றோ என்று கேட்பவரை நான் மதிக்கிறேன். தண்ணீரும் அப்பமும் இரசமும் திரையைக் கடந்து வாரா. 2010இல் பிரிட்டனில் மெதடிஸ்ட் ஆயர் ஒருவர் டுவிட்டர் வழியே நற்கருணை நடத்த முற்பட்டபோது, திருச்சபைத் தலைவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க அதைக் கைவிட்டார். அத்தயக்கம் நியாயமானதே. ஆனால் திரைக்கு இப்பால் அமர்ந்து விரல்களால் எழுதுபவருக்கு உடல் உண்டு என்பதையும் மறக்கலாகாது. உருவம் பொம்மையாயிருக்கலாம், அழுபவர் பொம்மை அல்லர்.

நார்வே நாட்டின் மாட்ஸ் ஸ்டீன் என்பவரின் வரலாறு இதனை விளக்கும். தசைகள் சிறிது சிறிதாய் வலுவிழக்கும் கொடிய நோயோடு பிறந்த அவர், சக்கர நாற்காலியிலேயே வளர்ந்து, 2014 நவம்பரில் தம் 25ஆம் வயதில் காலமானார். தனிமையிலேயே வாழ்ந்து மறைந்த மகன் என்று பெற்றோர் நொந்தனர். அவர் மரணத்தை அவருடைய இணையப் பக்கத்தில் அறிவித்தபோதோ, ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் அவரை ‘இபெலின்’ என்னும் பெயரால் அறிந்திருந்தவர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. அவர்களுட் சிலர் பல நாடுகளிலிருந்து புறப்பட்டு ஆஸ்லோ நகரில் நடந்த அடக்க ஆராதனைக்கு வந்தனர். 2024இல் வெளிவந்த ஓர் ஆவணப்படம் இவரை உலகறியச் செய்தது. அவருடைய கில்ட் கிறிஸ்தவக் கூட்டமன்று. அதனாலேயே இதைச் சொல்கிறேன். கிறிஸ்துவின் பெயரைச் சொல்லாத ஒரு கூட்டம் புதியவனை ஏற்று, அவன் சொல்லைக் கேட்டு, அவனை அடக்கம் செய்யவும் வந்து நிற்கிறது. ரோமர் 15:7ஐ நன்கறிந்த நாம் வைத்திருப்பது என்ன?

2016இல் மாட் சூசா என்னும் அமெரிக்கப் போதகர், விளையாட்டுகளை நேரலையாய்க் காட்டும் ‘டுவிச்’ தளத்தில் விளையாட்டாளருக்கென்றே ஒரு சபையைத் தொடங்கினார். இத்தகைய முயற்சிகள் நம் நாட்டிற்கு அயலானவை என்று எண்ணியிருந்தோம். 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் ஆலயக் கதவுகள் அடைக்கப்பட்டபோது நாமும் கைப்பேசியின் முன் நின்று பிரசங்கித்தோம். ஆனால் ஒரு வேறுபாடு. நாம் ஆராதனையை அனுப்பினோம், வாசலை அமைக்கவில்லை. எத்தனை பேர் பார்த்தனர் என்னும் எண்ணிக்கையைத் திரை காட்டிற்று. அவர்களுள் முதன்முறை வந்தவர் யார், நடுவில் எழுந்து போனவர் யார் என்று கேட்க எவரையும் நிறுத்தவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் மைய அரசு ‘பப்ஜி’ விளையாட்டைத் தடைசெய்தபோது நம் சபைப் பெற்றோர் பலர் மகிழ்ந்தனர். பொழுதும் படிப்பும் பாழாகின்றன என்னும் அவர்தம் கவலை உண்மையானது. பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டம் குடும்பங்களை அழிப்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாய்க் கட்டிக் கண்டிப்பது மட்டும் வேண்டாம். நள்ளிரவில் அப்பிள்ளைகள் யாரோடு பேசிக்கொண்டிருந்தனர், அவர்களில் எவரேனும் இவர்களுக்கு நண்பராயிருந்தாரா என்று கேட்ட ஆயர்கள் மிகச் சிலரே.

‘சர்ச் ஆஃப் ஃபூல்ஸ்’ சோதனை முயற்சியாகவே தொடங்கப்பட்டது. 2004 செப்டம்பரில் பலர் கூடும் ஆராதனை நின்றது. கட்டடம் மட்டும் இணையத்தில் பின்னரும் சில காலம் திறந்தேயிருந்தது. ஒருவர் தனியே உள்ளே சென்று, வெறுமையான இருக்கைகளினிடையே நடந்து, முழந்தாளிட்டு ஜெபிக்கலாம். கண்காணி இல்லை, வாழ்த்துவார் இல்லை. அப்படியும் சிலர் வந்து போயினர். ஆனால் அங்கு ஒருவரையொருவர் அறிந்துகொண்ட மக்களுக்குக் கட்டடம் போதவில்லை. அவர்கள் தொடர்பு அறுந்துபோகாமல் காத்து, 2006இல் ‘செயின்ட் பிக்சல்ஸ்’ என்னும் பெயரில் மீண்டும் ஒரு சபையாய்க் கூடினர். நாள்தோறும் ஜெபித்தனர். அவ்வப்போது ஏதேனும் ஒரு நகரைக் குறித்து, பயணச்சீட்டு எடுத்துச் சென்று, அதுவரை திரையில் மட்டுமே கண்டவரை நேரில் சந்தித்தனர்.